குளோஸ்டர்ஷயரின் முதல் வரிசை: ஒரு கவுண்டிக் கழகத்தின் மாபெரும் வீரர்களை எடைபோடுதல்

இங்கிலாந்தின் தென்மேற்கில் பிரிஸ்டல் நகரை மையமாகக் கொண்ட குளோஸ்டர்ஷயர் கவுண்டி கிரிக்கெட் கழகம், கவுண்டிகள் எனப்படும் இங்கிலாந்து மாவட்டங்களின் அணிகளுக்கிடையே 1890இல் அதிகாரபூர்வமாகத் தொடங்கிய கவுண்டி சாம்பியன்ஷிப்பை இன்றுவரை ஒருமுறைகூட வென்றதில்லை. 1930, 1931, 1947, 1959, 1969, 1986 ஆகிய ஆறு ஆண்டுகளில் இரண்டாம் இடம் வரை வந்து நின்றுவிட்டது. ஆனால் இக்கழகத்துக்காக ஆடியவர்களை உலகப் பட்டியல்களில் தேடினால் வேறொரு காட்சி தெரிகிறது. முதல்தரக் கிரிக்கெட்டில், அதாவது கவுண்டி ஆட்டங்களும் டெஸ்டுகளும் உள்ளிட்ட பல நாள் ஆட்டங்களில், அதிகச் சதங்கள் அடித்தவர்களில் 167 சதங்களுடன் மூன்றாம் இடத்தில் இருப்பவர் வாலி ஹாமண்ட். அதிக விக்கெட்டுகள் எடுத்தவர்களில் 3,278 விக்கெட்டுகளுடன் மூன்றாம் இடத்தில் சார்லி பார்க்கரும், 2,979 விக்கெட்டுகளுடன் ஐந்தாம் இடத்தில் டாம் கோடார்டும் இருக்கிறார்கள். இவர்கள் அனைவருக்கும் முன்னால், நவீன மட்டையாட்டத்தையே உருவாக்கியவர் என்று சொல்லத்தக்க டபிள்யூ. ஜி. கிரேஸ் நிற்கிறார்.

ஒரு கவுண்டியின் மாபெரும் வீரர்களை எப்படித் தேர்வது என்ற கேள்விக்கு இந்தக் கழகத்தை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இந்த முரண்தான். யார்க்‌ஷயர் போல முப்பதுக்கும் மேற்பட்ட பட்டங்களை வென்ற கழகமாக இருந்தால், வென்ற அணியில் இருந்தவரெல்லாம் பெரியவர் என்ற சோம்பலான முடிவுக்குள் நாம் எளிதாக ஒதுங்கிவிடலாம். குளோஸ்டர்ஷயர் அந்த வசதியைத் தருவதில்லை. இங்கே ஒருவரைப் பெரியவர் என்று சொன்னால், எதனால் என்று கூறியே ஆக வேண்டும்.

இத்தகைய தேர்வுகளில் இரண்டு கேள்விகள் அடிக்கடி ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. கழகத்துக்காக ஆடியவர்களில் மிகச் சிறந்த கிரிக்கெட் வீரர் யார் என்பது ஒன்று; கழகத்தின் மிகப் பெரிய வீரர் யார் என்பது மற்றொன்று. தமிழ் வாசகர்களுக்கு நன்கு தெரிந்த ஒருவரை வைத்து இதை விளக்கலாம். டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட்டுகள் எடுத்த கண்டியின் முத்தையா முரளிதரன், 2011இல் குளோஸ்டர்ஷயருக்காக இருபது ஓவர் போட்டிகளில் ஆடினார். முதல் கேள்விக்கான விடைப் பட்டியலில் அவர் பெயர் மிக மேலே வரும். இரண்டாவது பட்டியலில் அவருக்கு இடமே இல்லை. அப்படிச் சொல்வதால் அவருடைய மதிப்பு கடுகளவும் குறையப் போவதில்லை. 1995இல் ஒரே பருவம் வந்து 87 விக்கெட்டுகள் எடுத்துச் சென்ற ஜவகல் ஸ்ரீநாத்துக்கும் இது பொருந்தும். ஒரு கோடைக்காலம் பிரிஸ்டலின் பந்துவீச்சைத் தோளில் சுமந்தார் என்பது மறக்கத்தக்கதன்று. ஆனால் ஒன்றரை நூற்றாண்டின் கணக்கில் அது ஒரு கோடைக்காலம்தான்.

இந்த ஆய்வு இரண்டாவது கேள்வியைப் பற்றியது. அதற்கு நான் வைக்கும் சோதனை எளியது. இந்த மனிதரை அணியிலிருந்து எடுத்துவிட்டால் அணியில் என்ன மிஞ்சும்? அந்தக் கேள்வியை அவர் ஆடிய காலத்தின் ஆடுகளத்தையும், ஆட்ட நாட்களின் எண்ணிக்கையையும், உடன் ஆடியவர்களின் தரத்தையும் வைத்தே கேட்க வேண்டும். டெஸ்ட் பதிவுகளை இதில் ஏறத்தாழ முழுவதும் ஒதுக்கிவிட வேண்டும் என்பது என் கருத்து. டெஸ்ட் அணித் தேர்வு என்பது தேர்வாளர்கள் எடுத்த முடிவு. குளோஸ்டர்ஷயர் பெற்றது என்ன என்பதை அது சொல்லாது.

மொத்த எண்ணிக்கைகளிலும் எச்சரிக்கை தேவை. 1930களின் தொடக்கத்தில் ஒரு கவுண்டி ஒரு பருவத்தில் 28 சாம்பியன்ஷிப் ஆட்டங்கள் ஆடியது; இன்று ஆடுவது அதில் பாதி. ஆகவே ஹாமண்டின் ஓட்டங்களையோ பார்க்கரின் விக்கெட்டுகளையோ இனி எவரும் எட்டவே முடியாது. எட்ட முடியாத எண்ணைக் காட்டி, பின்னால் வந்தவர்களைச் சிறியவர்கள் என்று சொல்வது நியாயமாகாது.

கிரேஸ்

1848இல் பிரிஸ்டலை ஒட்டிய டவுனெண்ட் கிராமத்தில் பிறந்த டபிள்யூ. ஜி. கிரேஸை இந்தச் சோதனைக்கு உட்படுத்துவது ஒரு வகையில் மிக எளிது. அவரை எடுத்துவிட்டால் அணி பலவீனமாகும் என்பதோடு நில்லாமல், கழகமே இருந்திருக்குமா என்ற ஐயம் எழுகிறது. கழகத்தின் தொடக்கத்துக்கு முன்னின்றவர் அவருடைய தந்தை ஹென்றி மில்ஸ் கிரேஸ். 1870இல் பிரிஸ்டலின் டர்டம் டவுன் திடலில் சரேவுக்கு எதிராக நடந்த ஆட்டம் கழகத்தின் முதல்தர வரலாற்றைத் தொடங்கிவைத்தது. அண்ணன் ஈ. எம். கிரேஸ் பல பத்தாண்டுகள் கழகத்தின் செயலராக இருந்தார். தம்பி ஃபிரெட், 1880இல் ஓவலில் இரு அண்ணன்மாருடன் ஒரே டெஸ்ட் போட்டியில் ஆடிய சில நாட்களிலேயே இறந்துபோனார். 1873, 1876, 1877 ஆகிய ஆண்டுகளில் குளோஸ்டர்ஷயர் முதன்மைக் கவுண்டியாகக் கருதப்பட்டது; 1873இல் அந்தப் பெருமையைப் பகிர்ந்துகொண்டது. அவை அதிகாரபூர்வப் பட்டங்கள் அல்ல, பத்திரிகைகளின் கணிப்பில் கிடைத்தவை. பருவத்துக்குப் பத்துக்கும் குறைவான ஆட்டங்களே ஆடப்பட்ட காலம் அது. ஆனாலும் கழகம் முதலிடத்தில் இருந்தது என்று சொல்வதற்கு அந்தக் காலத்தைத் தவிர வேறு காலம் இல்லை.

அக்கால ஆடுகளங்கள் மேடும் பள்ளமுமாக, சில இடங்களில் கற்கள் தெரியக் கிடந்தவை. அவற்றின் மீது 1871இல் கிரேஸ் 2,739 ஓட்டங்களை 78 என்ற சராசரியில் குவித்தார். தொடர்ந்து ஆடிய மற்ற எவருடைய சராசரியும் அந்தப் பருவத்தில் அதில் பாதியை எட்டவில்லை. சமகாலத்தவர்களிலிருந்து ஒருவர் எவ்வளவு விலகி நிற்கிறார் என்பதே காலங்களைக் கடந்து ஒப்பிட நமக்குக் கிடைக்கும் நம்பகமான அளவுகோல் என்றால், அதில் கிரேஸுக்கு இணை சொல்ல இன்னொரு குளோஸ்டர்ஷயர் வீரர் இல்லை. 1876 ஆகஸ்டில் எட்டு நாட்களுக்குள் மூன்று இன்னிங்ஸ்களில் 344, 177, ஆட்டமிழக்காமல் 318 என 839 ஓட்டங்கள் எடுத்தார். அவற்றில் பின்னிரண்டும் குளோஸ்டர்ஷயருக்கானவை. செல்ட்டனத்தில் யார்க்‌ஷயருக்கு எதிரான அந்த 318, 2004இல் கிரெய்க் ஸ்பியர்மேன் 341 எடுக்கும் வரை 128 ஆண்டுகள் கழகச் சாதனையாக நின்றது. 1895இல், 46 வயதில், மே மாதத்துக்குள் ஆயிரம் ஓட்டங்களைக் கடந்து, அந்த மாதத்திலேயே பிரிஸ்டலில் சாமர்செட்டுக்கு எதிராக 288 எடுத்துத் தன் நூறாவது சதத்தை நிறைவு செய்தார். இவற்றோடு கவுண்டிக்காக அவர் எடுத்த விக்கெட்டுகள் 1,300க்கும் மேல்.

அவருக்கு எதிராகச் சொல்ல வேண்டியவையும் உண்டு. ஊதியம் பெறாத அமெச்சூர் என்ற பெயரில் ஆடியபடியே, செலவுத்தொகையாகத் தொழில்முறை வீரர்களைவிட அதிகம் பெற்றார். 1878இல் லார்ட்ஸில் ஆஸ்திரேலியர்களுக்காக ஆடத் தயாராக இருந்த பில்லி மிட்விண்டரை, அவர் எங்கள் கவுண்டியைச் சேர்ந்தவர் என்று சொல்லி, குளோஸ்டர்ஷயர் ஆடிக்கொண்டிருந்த ஓவலுக்கு வண்டியேற்றிக் கொண்டுபோனார். 1899இல், லண்டனில் தொடங்கப்பட்ட புதிய கழகம் ஒன்றின் பொறுப்பை ஏற்றதால் எழுந்த மனக்கசப்பில், தான் வளர்த்த கழகத்தைவிட்டே விலகினார். ஆனால் குணத்தின் குறைகளைக் காட்டி ஆட்டத்தின் எடையைக் குறைக்க முடியாது. முதலிடம் அவருக்கே. அதில் எனக்குத் தயக்கம் இருந்ததில்லை.

உண்மையான வழக்கு இரண்டாம் இடத்தில்தான் தொடங்குகிறது.

ஹாமண்டும் பார்க்கரும்

பெரும்பாலோர் அந்த இடத்தில் ஹாமண்டை வைப்பார்கள். நானும் நீண்டகாலம் அப்படித்தான் வைத்திருந்தேன். குளோஸ்டர்ஷயருக்காக 33,664 ஓட்டங்கள், 57 என்ற சராசரி, 113 சதங்கள் எனக் கழகத்தின் மட்டையாட்டப் பதிவேட்டின் உச்சியில் இருப்பவர் அவரே. டோவரில், அதாவது கென்ட் மண்ணில், பிறந்தவர் என்பதைக் காரணம் காட்டி கென்ட் பிரபு ஹாரிஸ் எதிர்த்ததால், வசிப்புத் தகுதி பெறும் வரை இளமையிலேயே ஆட்டங்களை இழந்தார். மேற்கிந்தியத் தீவுகளின் பயணத்தில் பிடித்த நோயால் 1926 பருவம் முழுவதும் போயிற்று. மீண்டுவந்த 1927இல் மே மாதத்துக்குள் ஆயிரம் ஓட்டங்கள். 1933 முதல் 1946 வரை, இடையில் வந்த இரண்டாம் உலகப் போர் ஆண்டுகளை நீக்கினால், தொடர்ந்து எட்டு பருவங்கள் இங்கிலாந்தின் சராசரிப் பட்டியலில் முதலிடம். அந்த எட்டாவது பருவத்தில் அவருக்கு வயது 43, சராசரி 84.90.

ஓட்டங்களை மட்டும் வைத்து ஹாமண்டைப் பேசினால் பாதி மனிதரைத்தான் பேசியிருப்போம். 1928 ஆகஸ்டில் செல்ட்டனம் கல்லூரித் திடலில் நடந்த வாரத்தைப் பார்க்க வேண்டும். சரேவுக்கு எதிராக இரு இன்னிங்ஸ்களிலும் சதம், 139, 143. அதே ஆட்டத்தில் களத்தடுப்பாளராக 10 கேட்ச்சுகள் பிடித்தார்; விக்கெட் காப்பாளர் அல்லாத ஒருவர் முதல்தர ஆட்டம் ஒன்றில் அதைவிட அதிகம் பிடித்ததில்லை. அடுத்து வந்த வூஸ்டர்ஷயர் அணியின் முதல் இன்னிங்ஸில் 23 ஓட்டங்களுக்கு 9 விக்கெட்டுகள். பிறகு மட்டையால் 80. பிறகு மேலும் 6 விக்கெட்டுகள். அந்தப் பருவத்தில் அவர் பிடித்த கேட்ச்சுகள் 78. அதுவும் இன்றுவரை முறியடிக்கப்படாத எண். ஒரு வாரத்தில் ஒரு மனிதர் கிரிக்கெட்டில் செய்யக்கூடியதன் எல்லை எது என்று கேட்டால், என்னால் இதைத் தாண்டி ஒன்றைக் காட்ட முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் நான் பார்க்கரை அவருக்கு மேல் வைக்கிறேன் என்றால், அதற்கான காரணம் கவுண்டி ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. அக்காலச் சாம்பியன்ஷிப் ஆட்டங்கள் மூன்று நாட்கள் நடந்தவை. இங்கிலாந்தின் மழையும் அந்த மூன்று நாட்களில் தன் பங்கைக் கேட்கும். மீதியுள்ள நேரத்துக்குள் எதிரணியின் இருபது விக்கெட்டுகளையும் வீழ்த்தினால்தான் பெரும்பாலும் வெற்றி. இல்லையென்றால் ஆட்டம் வெற்றி தோல்வி இன்றிக் கரைந்துபோகும். 300 ஓட்டங்கள் எடுக்கும் மட்டையாளர் தோல்வியைத் தடுப்பார். வெற்றியைக் கொண்டுவருவது விக்கெட்டுகள். நான்கு நாள் ஆட்டங்களுக்குப் பழகிய கண்கள் இந்த வேறுபாட்டை எளிதில் தவறவிடுகின்றன. குளோஸ்டர்ஷயர் மேலேறி வந்த ஆண்டுகளை எடுத்துப் பாருங்கள். 1930இலும் 1931இலும் பந்துவீசியவர்கள் பார்க்கரும் கோடார்டும். 1947இல் கோடார்டும் சாம் குக்கும். மூன்றும் சுழற்பந்து வீச்சாளர்களின் ஆண்டுகள்.

சார்லி பார்க்கர் 1882இல் செல்ட்டனத்தை அடுத்த பிரெஸ்ட்பரியில் பிறந்தவர். 1903இல் முதன்முறையாகக் கவுண்டிக்கு ஆடினார். முதல் உலகப் போருக்கு முன்பு மிதவேகத்தில் இடக்கையால் வீசி, அணிக்குப் பயன்படும் பலரில் ஒருவராக இருந்தவர், போர் முடிந்தபின், நாற்பதை நெருங்கும் வயதில், வேகத்தைக் குறைத்துச் சுழற்பந்துக்கு மாறினார். மற்றவர்கள் காலணியைக் கழற்றும் வயதில் அவருடைய உண்மையான வாழ்க்கை தொடங்கியது. 1920 முதல் 1935 வரை பருவம் தவறாமல் நூறு விக்கெட்டுகளைக் கடந்தார். 1922இல், வசூல் தனக்கே சேரும் தன் நன்கொடை ஆட்டத்தில், பிரிஸ்டலில் யார்க்‌ஷயருக்கு எதிராக, அடுத்தடுத்து ஐந்து பந்துகளில் ஸ்டம்பைத் தகர்த்தார். அவற்றில் இரண்டாவது நோபால் என்று நடுவர் அறிவித்திருந்தார். 1925இல் குளோஸ்டர் நகரில் எசெக்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 56 ஓட்டங்களுக்கு 17 விக்கெட்டுகள். கவுண்டிக்காக எடுத்த மொத்தம் 3,170, சராசரி 19க்குச் சற்று மேல்.

இந்த மனிதர் இங்கிலாந்துக்காக ஆடியது ஒரே ஒரு டெஸ்ட். 1921இல் ஓல்டு டிராஃபோர்டில், மழையால் கெட்ட ஆட்டத்தில், 32 ஓட்டங்களுக்கு 2 விக்கெட்டுகள் எடுத்தார். 1926இல் ஹெடிங்லி டெஸ்டுக்கு அழைக்கப்பட்டு, ஈரம் காய்ந்துகொண்டிருந்த ஆடுகளத்தைப் பார்த்தபின்னும் பதினொருவரில் சேர்க்கப்படாமல் வெளியே அமர்த்தப்பட்டார். டாஸ் வென்று ஆஸ்திரேலியர்களை ஆடப் பணித்த இங்கிலாந்தின் தலைவர் ஆர்தர் கார், சார்லி மக்கார்ட்னி மதிய உணவுக்கு முன்பே சதமடிப்பதைப் பார்த்து நின்றார். வயது 43, அந்த ஆண்டும் பார்க்கர் 200 விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தவர். இந்த அநீதி அன்று அவரை எவ்வளவு காயப்படுத்தியதோ, அந்த அளவுக்கு இன்றும் அவரைக் குறைத்துக் காட்டிக்கொண்டிருக்கிறது. பட்டியல் போடுகிறவர்கள் டெஸ்ட் எண்ணிக்கையை முதலில் பார்க்கிறார்கள். ‘1’ என்ற எண்ணைக் கண்டதும் அடுத்த பெயருக்குப் போய்விடுகிறார்கள். பார்க்கரை முதல் மூவருக்கு வெளியே தள்ளும் எந்த முறையும், கவுண்டி வீரர்களை அளக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வேறெதையோ அளக்கும் முறை என்றே நான் கருதுகிறேன்.

மூடப்படாத ஆடுகளங்களின் உதவியைக் காட்டி அவருடைய எண்களைக் குறைக்க வேண்டாமா என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். மழையில் நனைந்து வெயிலில் காயும் ஆடுகளத்தில் இடக்கைச் சுழற்பந்து ஆபத்தானதுதான். ஆனால் அந்த மழை எல்லாக் கவுண்டிகளிலும் பெய்தது. எல்லாக் கவுண்டிகளிலும் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர்கள் இருந்தார்கள். அவர்களில் வில்ஃப்ரெட் ரோட்ஸ் ஒருவர் தவிர எவரும் அவரைத் தாண்டவில்லை. மேலும், நல்ல வேகப்பந்து வீச்சாளர்கள் அரிதாகவே வாய்த்த ஓர் அணியில், காய்ந்து கெட்டியான ஆடுகளங்களிலும் நாள் முழுவதும் ஒரு முனையைத் தாங்க வேண்டிய பொறுப்பு அவருடையதாக இருந்தது.

1930ஆம் ஆண்டு

இந்த வழக்கில் எனக்கு மிகவும் பயன்பட்ட சான்று ஒரே கோடைக்காலத்தில் இருக்கிறது. பெவர்லி லயன் தலைவராக இருந்த 1930இல் குளோஸ்டர்ஷயர் 28 சாம்பியன்ஷிப் ஆட்டங்களில் 15ஐ வென்றது. வேறெந்தக் கவுண்டியும் அத்தனை வெற்றிகள் பெறவில்லை. ஆனால் பட்டம், 10 ஆட்டங்களை மட்டும் வென்று ஒன்றிலும் தோற்காத லங்காஷயருக்குப் போனது. தோல்விக்கு அஞ்சாமல் வெற்றியைத் தேடிய அணியைப் புள்ளி முறை தண்டித்தது என்பதை இன்று படிக்கும்போதும் மனம் ஏற்க மறுக்கிறது.

அந்த ஆகஸ்டின் இறுதியில், இங்கிலாந்துடனான டெஸ்ட் தொடரின் பரிசான ஆஷஸை மீட்டெடுத்த கையோடு ஆஸ்திரேலிய அணி பிரிஸ்டலுக்கு வந்தது. குளோஸ்டர்ஷயர் முதல் இன்னிங்ஸில் 72க்குச் சுருண்டது. ஆஸ்திரேலியா 157. இரண்டாவது இன்னிங்ஸில் ஹாமண்ட் எடுத்த 89தான் அணியை 202 வரை கொண்டுசென்றது. வெற்றிக்கு ஆஸ்திரேலியர்களுக்குத் தேவை 118. பார்க்கர் 54 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகள் வீழ்த்தினார். வீழ்ந்தவர்களில் டான் பிராட்மேனும் ஒருவர். ஓட்டங்கள் சமமாக நின்றபோது கடைசி விக்கெட்டைக் கோடார்ட் எல்பிடபிள்யூ முறையில் எடுத்தார். 117 ஓட்டங்களில் ஆட்டம் ‘டை’ ஆனது.

இந்த ஓர் ஆட்டத்திலிருந்து ஹாமண்டை எடுத்தால் பார்க்கருக்குக் காப்பதற்கு ஓட்டங்கள் இல்லை. பார்க்கரை எடுத்தால் ஹாமண்டின் 89, தோற்ற ஆட்டமொன்றின் நல்ல இன்னிங்ஸாக மறக்கப்பட்டிருக்கும். ஆகவே நான் சொல்லும் வரிசை நூலிழை அளவு வேறுபாட்டில் நிற்பது. அந்த நூலிழையை முடிவு செய்வது, ஹாமண்ட் ஒவ்வொரு பருவத்திலும் டெஸ்ட் போட்டிகளுக்காகச் சில வாரங்கள் கவுண்டியைவிட்டுப் போக வேண்டியிருந்தது என்பதும், பார்க்கர் அநேகமாக அழைக்கப்படாமல் ஏறத்தாழ எப்போதும் அங்கேயே இருந்தார் என்பதும்தான். தேர்வாளர்களின் புறக்கணிப்பு குளோஸ்டர்ஷயருக்கு வரமாக வாய்த்தது.

கோடார்டைத் தனியாகப் பேசாமல் கடந்துபோக முடியாது. ஆறடிக்கு மேல் உயரமும் மிகப் பெரிய கைகளும் கொண்ட அவர் முதலில் வேகப்பந்து வீச்சாளர். தேறாமல் கழகத்திலிருந்து வெளியேறியவர். லார்ட்ஸ் பணியாளர் குழுவில் இருந்தபோது ஆஃப் ஸ்பின்னுக்கு மாறி, 1929இல் திரும்பிவந்த பருவத்திலேயே 184 விக்கெட்டுகள் எடுத்தார். 1939இல் பிரிஸ்டலில் கென்டுக்கு எதிராக ஒரே நாளில் 17 விக்கெட்டுகள். 1947இல், 46 வயதில், 238 விக்கெட்டுகள். அந்த ஆண்டு பட்டத்தை ஏறத்தாழ முடிவு செய்த செல்ட்டனம் ஆட்டத்தில் மிடில்செக்ஸ் வென்றது. கழகம் பட்டத்துக்கு அவ்வளவு அருகில் போன தருணங்கள் சிலவே. பார்க்கருக்கும் கோடார்டுக்கும் இடையில் பிரிவினை செய்யும்போது, கெட்ட ஆடுகளத்தைப் போலவே நல்ல ஆடுகளத்திலும் பார்க்கர் ஒரு படி மேல் என்ற அவர்கள் காலத்து மதிப்பீட்டை ஏற்கிறேன்.

மற்ற உள்ளூர்ப் பெயர்களில் கில்பர்ட் ஜெசப்பின் வேகம் இன்றும் வியப்பளிக்கிறது. 1903இல் ஹோவ் திடலில் சசெக்ஸுக்கு எதிராக மூன்று மணி நேரத்துக்குள் 286 ஓட்டங்கள். அக்கால விதிகளில் எல்லைக் கோட்டைத் தாண்டி விழும் பந்துக்குப் பெரும்பாலும் ஆறு ஓட்டங்கள் கிடையாது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். ஆனால் அவர் தலைமையேற்ற அணிகள் பட்டியலின் கீழ்ப்பாதியிலேயே பெரும்பாலும் கிடந்தன. டாம் கிரேவனியின் ஆட்டத்தின் அழகுக்கு நிகர் சொல்வது கடினம். 1956இல் அணி எடுத்த 298இல் அவர் ஒருவரே 200 எடுத்த இன்னிங்ஸும் உண்டு. ஆனால் 1960இன் இறுதியில் தலைவர் பதவி பறிக்கப்பட, மனம் நொந்து வூஸ்டர்ஷயருக்குப் போனார். அங்கே 1964, 1965 பட்டங்களை வென்ற அணியின் தூணானார். கழகம் தானே வெட்டி எறிந்த கிளை அது. இப்பட்டியலில் அவர் இடம் தாழ்வதற்கு அவர் பொறுப்பல்லர் என்றாலும், தாழவே செய்கிறது. அமைதியாக 30,000 ஓட்டங்களைத் தாண்டிய, கால்பந்திலும் இங்கிலாந்துக்கு ஆடிய ஆர்தர் மில்டனை ஹாமண்டுக்கு அடுத்த உள்ளூர் மட்டையாளராக நான் மதிக்கிறேன்.

கடல் கடந்து வந்தவர்கள்

1968இல் வெளிநாட்டு வீரர்களை உடனடியாகப் பதிவு செய்ய விதி இடங்கொடுத்தபோது, குளோஸ்டர்ஷயர் தென்னாப்பிரிக்காவின் மைக் ப்ரொக்டரைச் சேர்த்துக்கொண்டது. வெளியிலிருந்து வந்தவர் என்பதால் அவருக்குக் குறைத்து மதிப்பெண் போடுவோரும் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. நிறவெறி ஆட்சியால் தென்னாப்பிரிக்கா உலகக் கிரிக்கெட்டிலிருந்து ஒதுக்கப்பட்டதால், அவர் ஆடிய டெஸ்ட் போட்டிகள் ஏழு மட்டுமே. தன் உச்சத்தின் பெரும்பகுதியைக் கோடைதோறும் பிரிஸ்டலுக்குக் கொடுத்தார். 1981 வரை 14,000க்கும் மேற்பட்ட ஓட்டங்களும் 800க்கும் மேற்பட்ட விக்கெட்டுகளும் தந்தார். ஊரார் கவுண்டியின் பெயரையே ‘ப்ரொக்டர்ஷயர்’ என்று மாற்றிச் சொன்னார்கள். ஒரே ஆட்டத்தில் சதமும் ஹாட்ரிக்கும் என்ற அரிய இணையை அவர் இருமுறை நிகழ்த்தினார்.

1977இல் சவுத்தாம்டனில் பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் கோப்பையின் அரையிறுதி. குளோஸ்டர்ஷயர் எடுத்தது 180. கார்டன் கிரீனிட்ஜ், பேரி ரிச்சர்ட்ஸ் என்ற உலகின் தலைசிறந்த தொடக்க இணையைக் கொண்டிருந்தது ஹாம்ப்ஷயர். நீண்ட தூரம் ஓடிவந்த ப்ரொக்டர் ஐந்து பந்துகளில் நான்கு விக்கெட்டுகளை எடுத்தார். அந்த இருவரும் அவற்றுள் அடக்கம். ஏழு ஓட்டங்களில் வென்று, இறுதிப் போட்டியில் கென்டையும் வீழ்த்தி, அவர் தலைமையில் கோப்பை வந்தது. அதே ஆண்டின் சாம்பியன்ஷிப்பில் கடைசி ஆட்டத்தை வென்றால் பட்டம் என்ற நிலையில், அதே ஹாம்ப்ஷயரிடம் பிரிஸ்டலில் தோற்று மூன்றாமிடத்துக்கு இறங்கியது அணி. நான்காம் இடத்தை எவ்விதத் தயக்கமும் இன்றி ப்ரொக்டருக்குத் தருகிறேன்.

ஜாகீர் அப்பாஸின் சாதனை வேறு வகையானது. ஒரே ஆட்டத்தில் ஓர் இன்னிங்ஸில் இரட்டைச் சதமும் மற்றதில் சதமும் என நான்கு முறை, அந்த எட்டு இன்னிங்ஸ்களிலும் ஆட்டமிழக்காமல் எடுத்தவர் அவர்; நான்கும் குளோஸ்டர்ஷயருக்கானவை. கோர்ட்னி வால்ஷ் 1984 முதல் 1998 வரை, மேற்கிந்தியத் தீவுகளின் பயணங்களுக்கு இடையே வந்து, 800க்கும் மேற்பட்ட விக்கெட்டுகள் எடுத்தார். 1986இல் அவர் எடுத்த 118 விக்கெட்டுகள் இல்லாமல் அந்த ஆண்டின் இரண்டாம் இடம் இல்லை. கூலிக்கு வந்த வெளிநாட்டவர் தன் உடலைக் காத்துக்கொள்வார் என்ற பொதுவான குறைகூறலுக்கு வால்ஷின் ஓவர்களின் எண்ணிக்கையே பதில்.

எண்களில் அகப்படாதவர்

ஸ்ட்ரவுடில் பிறந்த ஜாக் ரஸ்ஸல்தான் இந்தத் தேர்வில் என்னை மிகவும் சோதித்தவர். 1981 முதல் 2004 வரை விக்கெட்டுக்குப் பின்னால் நின்றவரின் மதிப்பு, கேட்ச்சுகளையும் ஸ்டம்பிங்குகளையும் எண்ணினால் தெரியாது. 1999இலிருந்து மார்க் அலெய்ன் தலைமையில், ஜான் பிரேஸ்வெல் பயிற்சியில், குளோஸ்டர்ஷயர் ஒருநாள் கோப்பைகளை அள்ளியது. 2000ஆம் ஆண்டில் மட்டும் மூன்று ஒருநாள் பட்டங்கள். அந்த அணியில் அச்சுறுத்தும் வேகம் கொண்டவர் எவரும் இல்லை. மிதவேகப் பந்துவீச்சுக்கு ரஸ்ஸல் ஸ்டம்புக்கு ஒட்டி நின்றதால், மட்டையாளர் கோட்டைவிட்டு ஓரடி முன்னே வந்து அடிக்க முடியாமல் உள்ளேயே கட்டுண்டார். கோட்டுக்குள் கட்டுண்டவருக்கு அந்த மெதுவான பந்துகள் திடீரென்று அடிக்கக் கடினமானவையாயின. பந்துவீச்சாளரின் கணக்கில் ஏறிய சிக்கனமான ஓவர்களில் ஒரு பகுதி, நியாயப்படி பார்த்தால், காப்பாளருடையது. அதை எந்தப் பட்டியலும் பதிவு செய்வதில்லை. ஐந்தாம் இடத்தைக் கோடார்டுக்கா ரஸ்ஸலுக்கா தருவது என்று பலமுறை மாற்றி எழுதினேன். கழகம் உண்மையில் வென்ற கோப்பைகளின் நடுவில் நின்றவர் என்பதால், இப்போதைக்கு ரஸ்ஸலுக்கே தருகிறேன். ஆறாவது கோடார்ட்.

ஆகவே என் வரிசை கிரேஸ், பார்க்கர், ஹாமண்ட், ப்ரொக்டர், ரஸ்ஸல், கோடார்ட் என்று நிற்கிறது. இதில் மிகவும் எதிர்க்கப்படப்போவது இரண்டாம் இடம் என்று அறிவேன். எதிர்ப்பவர்களுக்கு என்னிடமே ஒரு சான்று உண்டு. 1920களின் பிற்பகுதியிலும் 1930களின் முற்பகுதியிலும் குளோஸ்டர்ஷயரின் ஆட்ட அட்டைகளைப் புரட்டினால், எதிரணி மட்டையாளரின் பெயருக்கு எதிரே ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது. இடக்கையிலிருந்து புறப்பட்ட பந்து வெளிப்புறமாகத் திரும்பி மட்டையின் விளிம்பைத் தொட, ஸ்லிப்பில் நின்ற மனிதர் அவசரமே இல்லாமல் அதைக் கையில் வாங்கிக்கொண்டதைச் சொல்லும் வரி: கேட்ச் ஹாமண்ட், பந்துவீச்சு பார்க்கர்.